பாவு போடும் தெருவில் ரிவர்ஸ்

என் தோழிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பிறகு வங்கி வேலை, கல்யாணம், குழந்தைகள். இத்தனை வருடமும் கணவர் ஓட்ட, இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். சென்ற ஆண்டு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் வந்தது. ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. வண்டி பின்னால் நகர ஆரம்பித்ததும் இடது எது, வலது எது என்பது மறந்துபோகிறது என்பாள். தேர்வு நாளன்று எப்படியோ தேறினாள். அதற்குப் பிறகு ரிவர்ஸ் இல்லாத ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டாள். ஒரு வழியாக நுழைந்து இன்னொரு வழியாக வெளியேறக்கூடிய கடைகளில் மட்டும் காய்கறி வாங்கினாள். அவளுக்கு மிகவும் பிடித்த இடம் பெட்ரோல் பங்க்.

அந்த நேரத்தில் கணவர் புதிய கார் வாங்கினார். பழைய சின்னக் காரை விலைக்குப் பார்க்க ஒருவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதை எனக்கு விட்டுவிடுங்கள் என்று இவள் கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது.

"காஞ்சிபுரம் வரைக்கும் நீயே ஓட்டிட்டுப் போ, நீயே ஓட்டிட்டு வா. வேற யார் கையும் ஸ்டியரிங்ல படக் கூடாது. வந்து சேர்ந்தா வண்டி உன்னுது."

"படாது."

"சாட்சிக்கு யாரு?"

அவள் என்னைக் காட்டினாள். நான் அன்று அங்கே சாப்பிடப் போயிருந்தேன். செய்தித்தாளில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் என்பதால் என் சாட்சியம் செல்லும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும்போது கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டிரைவரின் எண்ணைக் கொடுத்தார். "அவகிட்ட சொல்லாத. சும்மா வச்சுக்க." நான் வாங்கிக்கொண்டேன். அது சாட்சி செய்யக்கூடிய காரியம் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் நாற்பதுக்கு மேல் அவள் போகவில்லை. லாரிகள் எங்களை முந்தின. ஷேர் ஆட்டோக்கள் முந்தின. நெடுஞ்சாலையை விட்டு ஏனாத்தூர் பக்கம் இறங்கியதும் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் முந்தியது. அதை ஓட்டியவர் திரும்பிப் பார்த்து எங்களைக் கும்பிட்டார். வேண்டுதல் ஏதோ என்று நினைத்திருக்கலாம்.

"சிரிக்காத. சிரிச்சா எனக்கு கியர் மாறிப் போயிடும்," என்றாள்.

தங்குவதற்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறை கிடைத்திருந்தது. என்னோடு வேலை பார்த்தவரின் வீடு. அவர் ஊரில் இல்லை, சாவி கீழ் வீட்டில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் வீடுகள், வாசற்படிகள், சாத்தி வைத்த சைக்கிள்கள், இடைவெளி விடாமல் நின்ற பைக்குகள். ஆனால் தெரு முடியும் இடத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே, ஒரு காரை நிறுத்தும் அளவுக்கு இடம் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. அதன் கோடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. முட்டுச் சந்து என்பதால் சுவரில் யாரும் இடிக்காமல் இருக்கக் கல் நட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் அந்தக் கல்லை நோக்கி நேராகப் போய், அதற்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்தாள்.

"பாத்தியா? என்ன மாதிரி இடம்!"

"வெளில எப்படி எடுப்ப?"

"அது நாளைக்குத் தானே," என்றாள்.

இத்தனை நெருக்கமான தெருவில் அந்த இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்.

சாவி கொடுத்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அவரும் கணவரும் தறி நெய்கிறவர்கள். முன்னறையில் தறி ஓடும் சத்தம் நாங்கள் படியேறும்போதே கேட்டது. அவர் சாவியோடு கூட ஒரு கேள்வியும் கொடுத்தார்.

"நாளிக்கி காலைல எத்தினி மணிக்கும்மா கிளம்புறீங்க?"

"அஞ்சு மணிக்கு. பெருமாள் கோயில் நடை திறக்கும்போதே போயிடணும்," என்றாள் தோழி.

சாயங்காலம் நடந்தே கைலாசநாதர் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது அவர் மறுபடி கேட்டார். "அஞ்சு தானே?" அஞ்சு தான் என்றோம். மந்தார இலை வாசனையோடு கோயில் இட்லியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு மாடி ஏறியபோது மூன்றாவது முறை கேட்டார். விருந்தினரை எழுப்பிவிடும் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் இட்லியைத் தின்றுகொண்டே விடுதிக் கதைகளைப் பேசினோம். மிளகும் சுக்கும் காரமாக இருந்தன. சமையல்காரரை ஏமாற்றி இரண்டாவது முட்டை வாங்கிய கதையை அவள் ஒரு மாதிரி சொன்னாள், நான் இன்னொரு மாதிரி சொன்னேன். யார் சொன்னது சரி என்று முடிவாகாமலே தூங்கிப்போனோம். அலாரம் யாரும் வைக்கவில்லை. அவள் வைப்பாள் என்று நானும், நான் வைப்பேன் என்று அவளும் இருந்துவிட்டோம்.

கதவைத் தட்டியபோது மணி ஆறு பத்து. கீழ் வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை.

"அஞ்சுன்னீங்களேம்மா."

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவின் நடுவில், தெருமுனையிலிருந்து எங்கள் காரை நோக்கி, அரக்கு நிறத்தில் ஒரு நீளப் பட்டை இழுத்துக் கட்டியிருந்தது. பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெருவில் நீட்டி, இழை இழையாகப் பிரித்து, கஞ்சி பூசிக் காயவிடுவார்கள். மூன்று புடவைக்கான நீளம். குறுக்காகக் கட்டிய மூங்கில் கால்கள் அதைத் தாங்கின. தெருமுனைக் கல்லில் ஒரு கோடி கட்டியாகிவிட்டது. இன்னொரு கோடியைக் கட்ட வேண்டிய கல்லின் முன்னால் எங்கள் கார் நின்றது. மிச்சப் பாவைச் சுருளாகக் கையில் பிடித்தபடி நான்கு பேர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல, காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்குக் கார் போய்விடும் என்று நம்பி, நாலே முக்காலுக்கு அவர்கள் தெருமுனைக் கோடியிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் மூன்று முறை சொல்லியிருந்தோமே.

கீழே இறங்கினோம். தலை வாரவில்லை.

"சுருட்டி வச்சுட்டு, நாங்க போனப்புறம் மறுபடி போட முடியாதா?" என்று கேட்டேன்.

"கஞ்சி போட்டாச்சும்மா. ஈரத்தோட சுத்துனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்கவே முடியாது," என்றார் அந்தப் பெண்ணின் கணவர். "வெயில் ஏர்றதுக்குள்ள அந்தக் கல்லுல கட்டியாவணும். லேட்டானா இழை காஞ்சி காஞ்சி அறுந்துக்கினே இருக்கும்."

கார் வெளியே போக ஒரே வழி, பாவை ஒட்டியபடி, பின்பக்கமாக, தெருமுனை வரை. எழுபது அடி இருக்கும்.

தோழியின் முகத்தைப் பார்த்தேன். அவள் எழுபது அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போய், "என்கிட்ட ஒரு டிரைவர் நம்பர் இருக்கு," என்றேன்.

"தெரியும். அந்த டிரைவர் நேத்து எனக்கே மெசேஜ் பண்ணிட்டான். 'மேடம், நான் நாளைக்கு வரணுமா, வேண்டாமா? வேற சவாரி இருக்கு'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சவாரிக்குப் போன்னேன்."

அதற்குள் தெருமுனையில் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். ஜரிகை கொண்டுவந்து கொடுக்கும் பாய். ஐம்பது வயது, மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு கையை நீட்டினார்.

"சாவி குடுங்க மேடம். ரெண்டு நிமிஷம். நான் வேனே ஓட்டுறவன்."

"குடுத்துடுங்கம்மா. பாய் ஜல்தியா எடுத்துடுவாரு," என்றார் நெசவாளர்.

சாவி தோழியின் கையில் இருந்தது. எனக்கு அப்போது தோன்றியதை எழுதிவிடுகிறேன்: கொடுத்துவிடட்டும் என்று தான் தோன்றியது. மூன்று புடவை, ஒரு குடும்பத்தின் பல வார வேலை. பந்தயம் சாப்பாட்டு மேசையில் கட்டியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. சாட்சி நான் தான்.

அவள் நேராக அந்த நெசவுக்காரப் பெண்ணிடம் போனாள். பந்தயத்தைச் சொன்னாள், காரை விற்கப்போவதைச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "பாவு உங்களுது. நீங்க சொல்லுங்க. அவர் எடுக்கட்டுமா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு ஓட்ட வருமா?"

"முன்னாடி வரும்."

"பின்னாடி?"

"வராது."

சுருளைப் பிடித்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. காரைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"பாய் வோணாம். அவுரு வேகமா எடுப்பாரு. தீபாவளிக்கு முன்னாடி மொபெட்டத் திருப்புறேன்னு என் பாவுல வண்டிய வுட்டவரு தானே இவுரு?"

"அரே, அது நாய் குறுக்க வந்துச்சும்மா!" என்றார் பாய்.

"நாய் இன்னிக்கும் இங்க தான் இருக்குது." அவர் தோழியிடம் திரும்பினார். "நீங்க பயப்படுறீங்க இல்ல? பயப்படுறவங்க மெதுவா தான் எடுப்பாங்க. நீங்களே எடுங்க."

என் தோழியைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு காரணத்தை அவளுடைய வீட்டில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

ஏற்பாடுகள் சட்டென்று நடந்தன. சைக்கிள்களும் பைக்குகளும் வீடுகளுக்குள் போயின. மூங்கில் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பாவை எதிர்ச்சுவர்ப் பக்கம் இரண்டு அடி ஒதுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் இப்படித் தான் செய்வார்களாம். அதன்பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். சுருளை ஒருவர் கையில் விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து, ஏழு பேர் பாவுக்கும் காருக்கும் நடுவில் வரிசையாக நின்றார்கள். முகம் பாவைப் பார்த்து, கைகள் இழைகளை ஒட்டினாற்போல் அணைத்து, முதுகு காரைப் பார்த்து. பாயும் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் போய் நின்றார்.

"திரும்பி நில்லுங்களேன், கார் வர்றது தெரியும்," என்றேன்.

"கார பாத்தா பாவு யாரு பாக்கறது?" என்றார் நெசவாளர், திரும்பாமலே.

தோழி உள்ளே ஏறினாள். பாவின் பக்கத்துக் கண்ணாடியை மடக்கச் சொன்னார்கள், மடக்கினாள். நான் பின்னால், தெருமுனைப் பக்கம், கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். நெசவுக்காரப் பெண் ஓட்டுநர் ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரோர வாசற்படியில் ஏறி நின்றார். "நீ செவுத்த பாரும்மா. பாவ நான் பாத்துக்கிறேன்." மரியாதை ‘நீ’ ஆகியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

கார் ஒரு அடி நகர்ந்து நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். இன்னொரு அடி.

காருக்கு முதுகைக் காட்டி நின்ற ஏழு பேரும் வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

"வா, வா, வா, வா..."

"ஒடி! லெஃப்ட்ல ஒடி!"

"இல்லப்பா, ரைட்டு!"

"ஹோல்டான்!"

"யாருப்பா ஹோல்டான்னது? நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன், சத்தம் கேட்டுது."

கார் நின்றுவிட்டது. தோழி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெசவுக்காரப் பெண் வரிசையைப் பார்த்து ஒரே ஒரு முறை குரலை உயர்த்தினார். "வாய மூடுங்கப்பா எல்லாரும். ஒரு ஆளு தான் ஓட்டுது."

அதன்பிறகு தெருவில் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. கார் நத்தையாக வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. நெசவுக்காரப் பெண் படிக்குப் படி தாவி ஜன்னலோடு கூடவே வந்தார். முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று முதுகுகளை ஒட்டி வந்தது. கதவின் கைப்பிடி உரசியபோது நான்காவதாக நின்றவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய கைகள் நூலை விட்டு நகரவில்லை.

பாதித் தூரத்தில் தான் அது நடந்தது. காரின் பின்பக்கம் மெல்லப் பாவை நோக்கி ஒதுங்க ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்தது, கத்தினேன். அவள் பதறி ஸ்டியரிங்கைத் தவறான பக்கம் ஒடித்தாள். பின்முனை இன்னும் ஒதுங்கியது. ஐந்தாவதாக நின்ற பாயின் வெள்ளைச் சட்டைக்கும் காருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. நெசவுக்காரப் பெண் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிர்ப்பக்கம் திருப்பினார்.

"வாலு எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் திருப்பு. அவ்ளோ தான்."

கார் நேரானது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மிச்சத் தூரத்தை அவள் தனியாக வந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தது பின்கண்ணாடி வழியாக அவள் உதட்டில் தெரிந்தது. தெருமுனையில் கார் முழுதாக வெளியே வந்து நின்றபோது மணி பார்த்தேன். எழுபது அடிக்குப் பதினொரு நிமிடம்.

யாரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் ஏற்கெனவே மூங்கில் கால்களை நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சுருள் பிரிந்து, பாவு மறுகல்லை நோக்கி ஓடியது. நெசவுக்காரப் பெண் குனிந்து இழைகளைப் பார்த்துக்கொண்டே போய், கோடியில் நிமிர்ந்து, எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். ஒரு இழையும் அறுந்திருக்கவில்லை. பாய் மட்டும் எங்களிடம் வந்தார். சட்டை முதுகில் கார்த் தூசு ஒரு கோடாக அப்பியிருந்தது.

"மேடம், நம்ம வேனுக்கு டிரைவர் தேடிக்கினு இருக்கேன். வர்றீங்களா?"

"முன்னாடி மட்டும் போற வேனா?" என்றாள் அவள். கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

பெருமாள் கோயிலுக்கு ஒன்பது மணிக்குத் தான் போனோம். கூட்டம் இருந்தது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். மேல்கூரையில் பதித்த தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கும்போது கேட்டாள்:

"அந்தம்மா ஸ்டியரிங்கத் தொட்டாங்க இல்ல?"

"அரை சுத்து."

"முக்கால் சுத்து."

"அத விடு. நீ தான் வெளில எடுத்த."

"யார் கையும் படக் கூடாதுன்னு தானே பேச்சு?"

"யார் சொல்லப் போறா?"

"நீ சாட்சிடி," என்றாள். "பத்திரிகைக்காரி பேசுற பேச்சா இது?"

இடம் பற்றாதபோது செய்தியில் எந்த வரியை வெட்டுவது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அதைத் தான் செய்தேன். முக்கால் சுத்தை நான் தயங்காமல் வெட்டியிருப்பேன். வங்கியில் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அறையிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டோம். இந்த முறை காரைத் தெருமுனைக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். ஏனாத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். டீ வருவதற்குள் கணவரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். பாவு, கல், ஏழு முதுகுகள், பாதித் தூரத்தில் ஜன்னல் வழியாக வந்த கை. கையைச் சொல்லும்போது வேகத்தைக் கூட்டவில்லை.

"முக்கால் சுத்து," என்று முடித்தாள். "இவ அரைங்கறா."

கணவர் கேட்டது வேறு.

"அந்தம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. கார்ல ஏறினதே ரெண்டு தடவை தானாம்."

"பாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒரு இழை கூட அறுந்துபோகல."

"நான் இருந்திருந்தா சாவிய அந்த பாய்கிட்ட குடுத்திருப்பேன்," என்றார். பிறகு, "நாளைக்கு வர்றவர வர வேண்டாம்னு சொல்லிடுறேன். மெதுவா வா."

"மெதுவா தான் வர்றேன். டிராக்டரெல்லாம் முந்துது."

"வீட்டு வாசல்ல நான் நின்னு காட்டுறேன், உள்ள விடு."

"உள்ளயே இருங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள். டீயை ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது டீயின் சூட்டினால் என்று என்னிடம் சொன்னாள். நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் காருக்கு முன்னால் ஒரு மினி லாரி வந்து நின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் கல்லூரி மாணவர்களின் பைக்குகள். லாரி டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, டம்ளரோடு எழுந்தார்.

"எடுக்கணுமாக்கா? இருங்க, தள்ளி நிறுத்துறேன்."

"நீங்க டீ குடிங்க," என்றாள்.

நான் காரின் பின்னால் போய் நிற்கப் புறப்பட்டேன்.

"எங்க போற? ஏறு."

ஏறி உட்கார்ந்தேன். அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள், கியரைப் போட்டாள், உதடு எதையோ முணுமுணுத்தது. நான் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.